அம்மாவுக்கு வந்த 'ரிஜெக்ட்' மெசேஜை நீங்க படிச்சீங்களா? வீட்டுல யாருக்கு என்ன அரசு உதவி... ஒரு முழு கைடு!

"டேய், இந்த மெசேஜ்ல என்ன போட்டிருக்குன்னு பாரேன்..."

அம்மா போனை நீட்டுவாங்க. நாம ஒரு கண்ணுல ரீல்ஸ், இன்னொரு கண்ணுல அந்த மெசேஜ்னு பார்த்துட்டு, "ஏதோ வராதுன்னு போட்டிருக்கும்மா" அப்படின்னு திருப்பிக் கொடுத்துடுவோம். அதோட அந்த விஷயம் முடிஞ்சதுன்னு அம்மாவும் நினைச்சுக்குவாங்க.

ஆனா, அது முடியலை. 2023 செப்டம்பர் 15-ம் தேதி கலைஞர் மகளிர் உரிமைத்தொகைத் திட்டம் தொடங்கியபோது நடந்ததைப் பாருங்க. சுமார் 1.63 கோடி பேர் விண்ணப்பிச்சாங்க. 1.06 கோடி பேருக்குப் பணம் வந்தது. மிச்சமிருந்தவங்களுக்குக் காரணத்தோட மெசேஜ் போனது. 30 நாளுக்குள்ள மேல்முறையீடு செய்யலாம்னும் அரசு சொன்னது. அப்படிச் செஞ்சவங்கள்ல 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அடுத்த ரெண்டு மாசத்துக்குள்ள பட்டியல்ல சேர்ந்தாங்க. அவங்க எல்லாருக்கும் முதல்ல 'ரிஜெக்ட்' மெசேஜ் வந்திருந்தது. அதைப் படிச்சுச் சொல்லி, இ-சேவை மையத்துக்குக் கூட்டிட்டுப் போக ஓர் ஆள் இருந்ததுதான் வித்தியாசம்.

உங்க வீட்டுல அந்த ஆள் நீங்கதான். அதனால, திட்டங்களோட பேரை மட்டும் வரிசையா அடுக்காம, ரேஷன் கார்டுல இருக்கிற ஒவ்வொருத்தருக்கா என்ன இருக்குன்னு பார்ப்போம். ஒரு விஷயம் மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. தொகையும் விதிகளும் அரசாணை மூலமா அப்பப்போ மாறும். விண்ணப்பிக்கும்போது அந்தந்தத் துறையோட அதிகாரபூர்வ இணையதளத்துல ஒருமுறை சரிபார்த்துக்கோங்க.

முதல்ல அந்த ஸ்மார்ட் கார்டை எடுங்க!

ரேஷன் கார்டுல உங்க குடும்பத் தலைவர் போட்டோ பக்கத்துல சில எழுத்துகள் இருக்கும். பலரும் அதைக் கவனிச்சிருக்கவே மாட்டோம்.

* பி.ஹெச்.ஹெச்: முன்னுரிமைக் குடும்பம். அரிசி உட்பட எல்லாப் பொருள்களும் உண்டு.
* பி.ஹெச்.ஹெச் - ஏ.ஏ.ஒய்: அந்த்யோதயா அன்ன யோஜனா அட்டை. மிகவும் வறுமையில் இருக்கும் குடும்பங்களுக்கானது. மாதம் 35 கிலோ அரிசி.
* என்.பி.ஹெச்.ஹெச்: முன்னுரிமை இல்லாத குடும்பம். ஆனாலும், தமிழ்நாட்டுல இவங்களுக்கும் அரிசி உண்டு.
* என்.பி.ஹெச்.ஹெச் - எஸ்: சர்க்கரை அட்டை. அரிசி கிடையாது.
* என்.பி.ஹெச்.ஹெச் - என்.சி: எந்தப் பொருளும் இல்லை. முகவரிச் சான்றா மட்டும் பயன்படும்.

பல மாநிலங்கள்ல முன்னுரிமைக் குடும்பங்களுக்கு மட்டும்தான் ரேஷன் அரிசி. தமிழ்நாட்டுல 2011 ஜூன் 1 முதல் அரிசி அட்டைதாரர்கள் எல்லாருக்கும் அரிசி இலவசம்.

கார்டோட வகை அரிசிக்கு மட்டும்தான்னு நினைக்காதீங்க. பொங்கல் பரிசு மாதிரியான அறிவிப்புகள் பெரும்பாலும் அரிசி அட்டையை வெச்சுத்தான் வரும். யாரெல்லாம் ஒரே குடும்பம்ங்கிறதை முடிவு பண்றதும் இந்த கார்டுதான். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போயிட்டீங்களா? முதல்ல பெற்றோர் கார்டுல இருந்து பேரை நீக்கணும். அப்புறம்தான் புது கார்டு கிடைக்கும். "அப்புறம் பார்த்துக்கலாம்"னு விட்டா, ரெண்டு குடும்பங்கள் ஒரே கார்டுல மாட்டிக்கும். அந்த ரெண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஓர் உரிமைத்தொகைதான் வரும்.

அம்மாவுக்கு: மகளிர் உரிமைத்தொகை

மாதம் 1,000 ரூபாய். ஒரு ரேஷன் கார்டுக்கு ஒருத்தர். தொடங்கியபோது சொல்லப்பட்ட முக்கியத் தகுதிகள் இவைதான்.

* குடும்பத் தலைவிக்கு 21 வயது நிறைவடைஞ்சிருக்கணும்.
* குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்கணும்.
* நன்செய் நிலம் 5 ஏக்கருக்குள், புன்செய் நிலம் 10 ஏக்கருக்குள் இருக்கணும்.
* வீட்டு மின்சாரப் பயன்பாடு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்கணும். அதாவது, சராசரியா மாதம் 300 யூனிட்.

அரசு ஊழியர்கள், வருமான வரி அல்லது தொழில் வரி செலுத்துபவர்கள், கார் வெச்சிருப்பவர்கள் இருக்கும் குடும்பங்களுக்கு இது கிடையாது.

இங்கேதான் நம்ம வயசுக்காரங்க கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கு. 'குடும்பம்'னா அம்மாவும் அப்பாவும் மட்டும் இல்லை, அதே கார்டுல இருக்கிற நீங்களும்தான். நீங்க வேலைக்குச் சேர்ந்து சம்பளத்துல தொழில் வரி பிடிச்சாலோ, லோன்ல கார் எடுத்தாலோ, அது அம்மாவோட தகுதியைப் பாதிக்கும். "எனக்கு ஏன்டா வரலை?"ன்னு அம்மா ஊர் முழுக்கக் கேட்டுட்டிருப்பாங்க. காரணம் நம்ம பே-ஸ்லிப்பா இருக்கலாம். அதை அவங்களுக்குப் புரியுற மாதிரி சொல்றது நம்ம வேலை.

இன்னொரு தவறான நம்பிக்கையும் இருக்கு. "பாட்டிக்கு முதியோர் பென்ஷன் வருது, அதனால அம்மாவுக்குக் கிடைக்காது." அப்படி இல்லை. பென்ஷன் வாங்குற பாட்டிக்குத்தான் உரிமைத்தொகை கிடையாது. அதே வீட்டுல இருக்கிற மற்ற தகுதியான பெண், உரிமைத்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்னு 2023 ஆகஸ்ட்லயே விதி தளர்த்தப்பட்டது.

தங்கச்சிக்கும் தம்பிக்கும்: காலேஜ் படிக்க மாதம் 1,000

2022 செப்டம்பர் 5-ம் தேதி தொடங்கியது புதுமைப்பெண் திட்டம். முழுப் பெயர், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படிச்ச மாணவிகள் டிகிரி, டிப்ளோமா, ஐ.டி.ஐ எது படிச்சாலும், படிப்பு முடியுற வரைக்கும் மாதம் 1,000 ரூபாய். மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்ட் 9-ம் தேதி தொடங்கியது. அரசு உதவிபெறும் பள்ளிகள்ல தமிழ்வழியில் படிச்சவங்களுக்கும் இந்த ரெண்டு திட்டங்களும் உண்டு.

மூணு சந்தேகங்களைத் தீர்த்துக்கலாம்.

1. வருமான வரம்பு உண்டா? இல்லை. எங்கே படிச்சீங்கங்கிறதுதான் கணக்கு.
2. ஒரே வீட்டுல ரெண்டு பேர் வாங்கலாமா? வாங்கலாம்.
3. வேற ஸ்காலர்ஷிப் வந்தா இது நின்னுடுமா? நிக்காது. ரெண்டையும் வாங்கலாம்.

விண்ணப்பிக்கிறது காலேஜ் வழியாத்தான். பணம் வர்ற வங்கிக் கணக்கு மாணவர் பேர்லயே இருக்கணும், அப்பா கணக்கு செல்லாது.

இதைத் தாண்டி, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவிகித இட ஒதுக்கீடு இருக்கு. மருத்துவப் படிப்புக்கு 2020-லும், இன்ஜினீயரிங், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு 2021-லும் வந்தது. இந்த ஒதுக்கீட்டுல சீட் கிடைச்சா கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசு கட்டும். "ஃபீஸ் கட்ட முடியாது"ன்னு கவுன்சலிங்குக்கே போகாம விட்ட பிள்ளைகள் உங்க தெருவுலயே இருக்கலாம். அவங்ககிட்ட இந்த ஒரு பத்தியை மட்டுமாவது காட்டுங்க.

வீட்டுல யாருமே டிகிரி முடிக்கலையா? முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கினா, ஒற்றைச் சாளர கவுன்சலிங் வழியா தொழிற்படிப்புல சேரும்போது கல்விக் கட்டணச் சலுகை உண்டு. ஒரு குடும்பத்துல ஒருத்தருக்குத்தான். அண்ணன் ஏற்கெனவே பட்டதாரின்னா, அவர் இந்தச் சலுகையைப் பயன்படுத்தலைன்னாலும் தம்பிக்குக் கிடைக்காது.

பட்டியல் சாதி, பழங்குடியின மாணவர்களுக்கு போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் தனியா இருக்கு. பெற்றோரோட ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்கணும்.

உங்களுக்கு: வேலை தேடினாலும், டெலிவரி பண்ணினாலும்

வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை: வேலைவாய்ப்பு அலுவலகத்துல பதிவு செஞ்சு 5 வருஷம் காத்திருந்தவங்களுக்கு மாதம்தோறும் கணக்கிட்டுத் தரப்படுது. பத்தாவது தவறியவர்களுக்கு 200, தேர்ச்சி பெற்றவர்களுக்கு 300, பிளஸ் டூ முடிச்சவங்களுக்கு 400, பட்டதாரிகளுக்கு 600 ரூபாய். 3 வருஷம் வரும். வயது வரம்பு 40, பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினருக்கு 45. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்கணும். அதாவது மாதம் 6,000. இந்தக் காலத்துல இந்த வரம்புக்குள்ள எத்தனை குடும்பம் வரும்னு நீங்க கேட்டா, அது நியாயமான கேள்விதான். மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு வருஷக் காத்திருப்பு போதும், தொகையும் கூடுதல்.

காலேஜ் முடிச்சதும் போட்ட வேலைவாய்ப்புப் பதிவை 3 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். மறந்துட்டீங்கன்னா, அத்தனை வருஷ சீனியாரிட்டியும் போயிடும். இப்பவே காலண்டர்ல ரிமைண்டர் போட்டுடுங்க.

யு.பி.எஸ்.சி-க்குப் படிக்கிறீங்களா? 'நான் முதல்வன்' திட்டத்துல தேர்வு நடத்தி 1,000 பேரைத் தேர்ந்தெடுத்து, முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராக 10 மாதத்துக்கு மாதம் 7,500 ரூபாய் தர்றாங்க. முதல்நிலைத் தேர்வுல தேர்ச்சி பெற்றா 25,000 ரூபாய் ஊக்கத்தொகை.

ஃபுட் டெலிவரி, பைக் டாக்ஸி ஓட்டுறீங்களா? உங்களுக்கும் நல வாரியம் இருக்கு. இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்கான நல வாரியத்தைத் தமிழ்நாடு அரசு 2023 டிசம்பர்ல அமைச்சது. 18 முதல் 60 வயது வரை பதிவு செய்யலாம், கட்டணம் இல்லை. ஆட்டோ, கட்டடம், தையல், வீட்டு வேலைன்னு மற்ற அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கும் தனித்தனி வாரியங்கள் இருக்கு. விபத்து, இயற்கை மரணம், பிள்ளைகளோட படிப்பு, திருமணம்னு பலவற்றுக்கும் இந்த வாரியங்கள் உதவித்தொகை தருது. அப்பா 20 வருஷமா கொத்தனார் வேலை செஞ்சும் வாரியத்துல பதிவு பண்ணலைன்னா, சாரத்துல இருந்து விழுந்தபிறகு அலைய வேண்டியிருக்கும். பதிவு பண்ணியிருந்தா அந்தக் குடும்பத்துக்கு ஒரு பிடிமானம். 'ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், வேலை செய்றதுக்கான ஆதாரம்' இந்த நாலோட உட்கார்ந்தா ஆன்லைன்லயே முடிச்சிடலாம். பதிவைப் புதுப்பிக்கவும் மறக்காதீங்க.

தாத்தா, பாட்டிக்கு: 'ஆதரவற்றவர்' என்ற அந்த ஒரு சொல்

60 வயதைக் கடந்த, ஆதரவற்ற முதியவர்களுக்கான ஓய்வூதியம் 2023-ல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆதரவற்ற விதவைகள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், 50 வயதைக் கடந்த திருமணமாகாத ஏழைப் பெண்களுக்கும் ஓய்வூதியம் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்குத் தொகை கூடுதல். விண்ணப்பம் இ-சேவை வழியா. முடிவெடுப்பவர் தாலுகா அலுவலகத்துல இருக்கும் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர்.

இதுல சிக்கலே 'ஆதரவற்ற'ங்கிற சொல்தான். பிள்ளைகள் இருந்தாலே தகுதியில்லைன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டா, வாய்மொழிப் பதிலோட வந்துடாதீங்க. விண்ணப்பத்தைக் கொடுத்து, நிராகரிச்சா அதுக்கான காரணத்தை எழுத்துல கேளுங்க.

அக்காவுக்கு, மனைவிக்கு: மகப்பேறு நிதியுதவி

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்துல மொத்தம் 18,000 ரூபாய். இதுல 14,000 பணமா தவணைகள்ல வரும், 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். முதல் ரெண்டு பிரசவங்களுக்கு. கர்ப்பிணிக்கு 19 வயது நிறைவடைஞ்சிருக்கணும்.

இதுல தேதிதான் முக்கியம். கர்ப்பமான 12 வாரத்துக்குள்ள கிராம சுகாதாரச் செவிலியர்கிட்ட பதிவு செஞ்சு, பிக்மி எண் வாங்கணும். "மூணு மாசம் முடியட்டும், அப்புறம் வெளியே சொல்லலாம்"ங்கிற நம்ம வீட்டுப் பழக்கத்தால இந்தக் கெடு தவறிடும். ஊருக்குச் சொல்லாட்டியும் நர்ஸம்மாகிட்ட சொல்லிடுங்க. தனியார் மருத்துவமனையில பார்க்கிறவங்களும் இந்த எண்ணை வாங்கணும். குழந்தையோட பிறப்புச் சான்றிதழுக்கும் அது தேவைப்படும்.

சாதி மறுப்புத் திருமணம் செஞ்சவங்களுக்கும் ஒரு திட்டம் இருக்கு. இதுவும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேர்லதான். பட்டதாரிகளுக்கு 50,000, மற்றவர்களுக்கு 25,000 ரூபாய் வரை, கூடவே தாலிக்கு 8 கிராம் தங்கம். திருமணமான 2 வருஷத்துக்குள்ள விண்ணப்பிக்கணும்.

எல்லாருக்கும்: ஆஸ்பத்திரி, பஸ், கரன்ட்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு: குடும்ப ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தா, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. பட்டியல்ல இருக்கிற தனியார் மருத்துவமனைகள்லயும் செல்லும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோட கலெக்டர் அலுவலகத்துல இருக்கிற காப்பீட்டுத் திட்ட மையத்துக்குக் குடும்பத்தோட போனா பதிவு செஞ்சிடலாம். நெஞ்சு வலின்னு ஐ.சி.யூ வாசல்ல நிக்கும்போதுதான் பலரும் இந்த கார்டைத் தேடுறாங்க. வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கிற ஒரு நாள் போய் வாங்கி வைங்க.

இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48: 2021 டிசம்பர் 18 முதல் செயல்படுது. தமிழ்நாட்டுச் சாலைகள்ல விபத்துல சிக்கினா, முதல் 48 மணி நேரத்துக்கு, அரசு நிர்ணயிச்ச உச்சவரம்பு வரை இலவச சிகிச்சை. திட்டத்துல இணைஞ்ச தனியார் மருத்துவமனையிலும் உண்டு. காப்பீட்டு அட்டை தேவையில்லை. வெளி மாநிலத்தவருக்கும், வெளிநாட்டவருக்கும்கூடப் பொருந்தும். பைக் ஓட்டுற எல்லாரும் தெரிஞ்சு வெச்சுக்க வேண்டியது இது.

விடியல் பயணம்: சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகள்ல பெண்கள், திருநங்கைகள், மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணம் இல்லை. அடையாள அட்டையோ, ஊரோ, வருமானமோ பெண்கள்கிட்ட கேட்க வேண்டியதில்லை.

100 யூனிட்: 2016 மே மாதத்திலிருந்து வீட்டு மின் இணைப்புகளுக்கு ரெண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். வாடகை வீட்டுல இருக்கீங்களா? அந்த 100 யூனிட், இணைப்புக்குத்தான் கணக்கு. ஒரே இணைப்புல சப்-மீட்டர் போட்டு, நாலு வீட்டுக்கும் யூனிட்டுக்கு இத்தனை ரூபாய்னு ஓனர் வாங்கினா, அந்தச் சலுகை உங்ககிட்ட வந்து சேராது. வீடு பார்க்கும்போதே "தனி மீட்டரா?"ன்னு கேட்டுடுங்க.

பணம் 'அனுப்பியாச்சு'ன்னு சொல்றாங்க, ஆனா வரலையா?

இது ரொம்ப சாதாரணமா நடக்குது. பெரும்பாலான உதவிகள் ஆதார் எண்ணை வெச்சு அனுப்பப்படுது. ஒருத்தர் பேர்ல நாலு வங்கிக் கணக்கு இருந்தாலும், நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு ஒரு கணக்குதான் இணைஞ்சிருக்கும். கடைசியா எந்தக் கணக்குக்கு அந்த இணைப்பைக் கொடுத்தீங்களோ, பணம் அங்கே போகும். நகைக் கடனுக்காகத் தொடங்கி மறந்துபோன ஏதோ ஒரு வங்கிக் கணக்குல அம்மாவோட பணம் தூங்கிட்டிருக்கலாம். ஆதார் இணையதளத்துல 'வங்கி இணைப்பு நிலை' பக்கத்துல பார்த்தா, எந்த வங்கின்னு தெரிஞ்சிடும். அதுக்கு ஆதார்ல இருக்கிற மொபைல் நம்பர் உயிரோட இருக்கணும்.

குறைந்தபட்ச இருப்பு இல்லைன்னு வங்கி பிடிச்சுக்கிற சிக்கலும் இருக்கு. அப்படின்னா அடிப்படை சேமிப்புக் கணக்கா மாத்திக் கேளுங்க. அதுல மினிமம் பேலன்ஸ் கிடையாது.

பேர்ல ஒரு எழுத்து மாறினாலும் போச்சு!

ஆதார்ல 'மு.லட்சுமி', ரேஷன் கார்டுல 'லக்ஷ்மி', பாஸ்புக்ல 'லெட்சுமி'. மூணும் உங்க அம்மாதான், ஆனா கம்ப்யூட்டருக்கு மூணு பேர். தகுதி இருந்தும் பலர் சறுக்குறது இங்கேதான். ஏதாவது ஓர் ஆவணத்தை அடிப்படையா வெச்சுக்கிட்டு, மத்ததை அதுக்கு ஏத்த மாதிரி திருத்துங்க.

சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரின்னு எல்லாச் சான்றிதழும் இ-சேவையிலதான். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர்னு படிப்படியா நகரும். எங்கே நிக்குதுன்னு விண்ணப்ப எண்ணை வெச்சு போன்லயே பார்க்கலாம். வருமானச் சான்று காலாவதி ஆகும், அதனால காலேஜ் சேர்க்கைக்கு முன்னாடியே புதுசா வாங்கிடுங்க.

'முடியாது'ன்னு சொன்னா?

1. காரணத்தைக் கேளுங்க. மெசேஜ், இணையதளம், கடிதம் எதுல வந்தாலும் ஸ்கிரீன்ஷாட் அல்லது நகல் எடுத்து வைங்க.
2. மேல்முறையீட்டுக்கான கெடு தேதியைப் பாருங்க. உரிமைத்தொகைக்கு மேல்முறையீட்டு அலுவலர், வருவாய்க் கோட்டாட்சியர்.
3. முதல்வரின் உதவி மையம் 1100-க்கு போன் போட்டுப் புகாரைப் பதிவு செய்யுங்க.
4. திங்கள்கிழமைகள்ல கலெக்டர் அலுவலகத்துல நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துல மனு கொடுங்க. ரசீது வாங்காம திரும்பாதீங்க.
5. அதுக்கும் பதில் இல்லைன்னா, 10 ரூபாய் கட்டணத்துல தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு. 30 நாளுக்குள்ள பதில் தரணும்.

ஒரு எச்சரிக்கை. "உங்க உரிமைத்தொகை நின்னுடும், ஓ.டி.பி சொல்லுங்க"ன்னு வர்ற எந்த போனையும் நம்பாதீங்க. "1,000 ரூபாய் கொடுத்தா முடிச்சுத் தர்றேன்"ங்கிற ஏஜென்ட்டும் வேண்டாம். அவர் செய்யப்போறதும் இதே இ-சேவை விண்ணப்பத்தைத்தான்.

இன்னிக்கு ராத்திரி ஒரு அரை மணி நேரம்...

சாப்பிட்டு முடிச்சதும் வீட்டு ரேஷன் கார்டு, எல்லாரோட ஆதார், பாஸ்புக்கை எடுத்து வெச்சு உட்காருங்க. பேர் ஒண்ணா இருக்கா, பணம் வர்ற வங்கி எது, காப்பீட்டுல பதிவு இருக்கா, அப்பா வாரியத்துல இருக்காரா... இந்த நாலையும் பாருங்க. அப்படியே அம்மா போனோட இன்பாக்ஸையும் ஒருமுறை கீழே வரைக்கும் தள்ளிப் பாருங்க. படிக்காம விட்ட மெசேஜ் ஏதாவது இருக்கலாம்.